காகிதம் ஊறினால்

நரையை மறைக்கப் போன வாரம் சலூனில் போய் உட்கார்ந்தேன். சாயக் கிண்ணத்தைத் திறந்ததும் குப்பென்று அம்மோனியா வாடை. கண் எரியுதா சார் என்று கடைக்காரர் கேட்டார். எரிந்தது உண்மைதான். ஆனால் நான் அதற்குள் மரக்காணம் போய்விட்டிருந்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். புது வீடுகளுக்கு வரைபடம் போடும் மாடி அறை அலுவலகம். நானும், கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் பர்வீனும். எல்லா வீட்டுக்கும் பொதுவான தூண், படி, ஜன்னல் படங்களைச் சென்னையில் வரைந்து அனுப்புவார்கள். எதையாவது மாற்றினால் அந்த இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு கோடு போட வேண்டும். அதைத்தான் மறப்பார்கள். அதனால் அம்மோனியா ஆவியில் எடுத்த பழைய பிரிண்டையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடிப்போம். வெளியே உப்பளம் வெயிலில் கண்ணைப் பறிக்கும். அதைவிட நல்ல விளக்கு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். இரண்டாகத் தெரியும் கோடுதான் மாறிய கோடு.

ஒரே தொல்லை, கடற்காற்றில் பழைய தாள் ஊறி நீண்டுவிடும். கோடு பொருந்தாவிட்டால் காகிதம் ஊறிவிட்டது என்று சுருட்டி வைப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் தூண் படத்துக்கும் அதையே சொன்னேன். பர்வீன் தாளை இறக்கவில்லை.

“ஏண்ணா, காயிதம் ஊறுனா ஒரு கோடு மட்டுமா நவுரும்?”

தூணின் இரும்புக் கம்பியைக் காட்டும் கோடு மட்டும் உள்ளே தள்ளியிருந்தது. சென்னைக்குப் போன் போட்டோம். உப்புக்காற்றுக்காகக் கம்பியின்மேல் கான்கிரீட்டைக் கூட்டியிருக்கிறோம், சொல்ல மறந்துவிட்டோம் என்றார்கள். அந்த நேரம் அம்சா அக்கா வீட்டுத் தூணுக்குக் கலவை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

டிவிஎஸ் ஃபிஃப்டியில் பறந்தோம். அம்சா அக்கா உப்பளத்தில் கூலி வேலை. வீட்டை அலை கொண்டுபோனதிலிருந்து பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் இருந்தார். கலவை தயார். நிறுத்துங்கள் என்றதும் அவர் முகம் சுண்டிப்போனது. மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடுவதாகச் சொன்னீர்களே என்றார். பர்வீன் கம்பியைத் தொட்டுக் காட்டினாள்.

“இது இப்டி ஓரமா இருந்தா உப்பு தின்னுடும்க்கா.”

அவர் உப்பில் வெடித்துக் கிடந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

“அப்பன்னா பிரிங்க. கொட்டாயிலயே கெடக்கறோம்.”

கம்பியைப் பிரித்துக் கட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. அந்த மழை விடும்வரை எனக்கு மனசே சரியில்லை.

இப்போது கம்ப்யூட்டரே மாறிய கோட்டைச் சிவப்பில் காட்டிவிடுகிறது. அந்த இரண்டு தாளும் இன்னும் என்னிடம் உண்டு. சலூனிலிருந்து வந்ததும், தலையில் கறுப்பு காயாமலே, எடுத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். வெளிறிப்போய் இரண்டிலும் ஒரு கோடுகூட மிச்சமில்லை. எது நகர்ந்தது என்று பார்க்க இனி அந்தத் தெருவுக்குத்தான் போக வேண்டும். அங்கே, அந்தக் கோட்டை நாங்கள் கண்டுபிடிக்கும் முன்னாடியே எழும்பிவிட்ட பக்கத்து வீட்டுத் தூண் வெடித்துத் துரு வழிகிறது. அம்சா அக்கா தூணில் கொடி கட்டித் துணி காய்கிறது.