சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவுக்கு வீடு கட்டினேன். தலைவாசலில் குனிந்து நுழைகிற பழைய தேக்கு நிலை, நடுவில் முற்றம், சுற்றிலும் ஏ.சி. அறைகள். முற்றத்தின் மேல் கண்ணாடிக் கூரை போட்டே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

அஸ்திவாரம் தோண்டுவதற்காக மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தோம். மாலையானால் அவர் வந்துவிடுவார். ஒல்லியான உருவம், நரைத்த கொண்டை, கழுத்தில் கழற்ற மறந்த ஸ்டெதஸ்கோப். எந்தக் கோட்டையும் தாண்டமாட்டார். வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாகத்தான் அறைக்கு அறை போவார்.

ஒருநாள் நான் குறுக்கே நடந்துவிட்டேன்.

“என்ன தம்பி, சொவத்துக்குள்ள கூடி வாரிய? வாசல் அங்கனல்லா இருக்கு!”

சிரித்துக்கொண்டே சுற்றி வந்தேன். அப்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் முற்றத்தில் போய் நின்று முகத்தை அண்ணாந்து காட்டினார். நான் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

“நான் முற்றத்துல நிக்கேன், நனையுதேன். நீங்க எதுக்கு நனையுதிய? ஹாலுக்குள்ளதான நிக்கிய?”

கண்ணாடியைப் பற்றி அப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

கோடுகள் கரைந்து வெள்ளையாகத் தெருவுக்கு ஓடின. வெறும் ஈரமண்ணில் அவர் அறை அறையாக நடந்து, தலைவாசல் வழியே வெளியேறினார். பின்னால் போன நான், அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.