தெல்மாவின் கம்ஃப்ரி பாத்தி

இங்கிலாந்தின் டார்பி நகரில் தெல்மா பஸ் ஏறினால் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விடுவார். கம்ஃப்ரி என்கிற உரச்செடியின் இலையைப் பீப்பாயில் அடைத்துச் செங்கல் வைத்து அழுத்தினால் ஒன்றரை மாதத்தில் கறுப்பாக ஒரு சாறு இறங்கும். சாக்கடையே தேவலை என்கிற நாற்றம். தண்ணீர் கலந்து தக்காளிக்கு ஊற்றிவிட்டால், கடை உரம் எதுவும் கிட்டே நிற்காது. எத்தனை சோப்புப் போட்டாலும் தெல்மாவின் கையைவிட்டு அந்த வாடை போகாது. அவரும் கவலைப்பட்டதில்லை.

முப்பது வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பிள்ளை இல்லை. கணவர் சிரில் இறந்த பிறகு நாலாவது மாடியில் ஒற்றை அறை. மண் என்று இருந்தது, பயிர் வைக்க வாடகைக்கு நிலம் தரும் எங்கள் தோட்டச் சங்கத்தின் பதினேழாம் எண் நிலம் மட்டும்தான். பதினெட்டு என்னுடையது.

"இது போச்சுன்னா நானும் போய்ச் சேர்ந்துடுவேன், கிளிஃப்" என்பார் என்னிடம், டீ ஊற்றிக்கொண்டே.

மார்ச்சில் பனியில் வழுக்கி அவர் இடுப்பெலும்பு முறிந்தது. மே மாதக் கடைசியில் சங்கக் கமிட்டி சுற்றி வரும். புல் மண்டிய நிலத்தைப் பிடுங்கிக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடும்.

"இலையை அறுத்து உன் தக்காளிக்கே போட்டுக்கோ கண்ணு," என்றார் ஆஸ்பத்திரிக் கட்டிலில். "அவனுங்க வரும்போது மண்ணு மட்டும் சுத்தமாத் தெரியணும்."

இலையைத் தரையோடு அறுத்தேன். கமிட்டி வருவதற்கு முதல் நாள் பவர் டில்லர் இரவல் வாங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உழுதேன். கம்ஃப்ரி பாத்தியையும் சேர்த்து.

அதை உழவே கூடாது. விரல் நீள வேர்த்துண்டு போதும், தனிச் செடியாகக் கிளம்பிவிடும். அதை எனக்குச் சொன்னதே தெல்மாதான். மெஷினை மத்தியானத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்ற அவசரத்தில் மறந்து தொலைத்தேன், மடையன். கமிட்டி பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது. நான் ஆஸ்பத்திரிக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன்.

ஜூலையில் தெல்மா இரண்டு கம்பு ஊன்றி வந்தார். நிலம் முழுக்க நூற்றுக்கணக்கில் கம்ஃப்ரி.

"யாரு உழுதது?"

"நான்தான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் தோண்டினேன். ஒரு வேர் உடைந்தால் இரண்டு முளைத்தது. ஆகஸ்டில் கமிட்டி மறுபடி வந்தது.

"என்னம்மா இது, காடு?" என்றார் தலைவர். "யார் வேலை?"

அடுத்தவர் நிலத்தைக் கெடுத்தால் கெடுத்தவர் நிலமும் போகும். அது சங்க விதி.

தெல்மா என்னைப் பார்க்கவில்லை. "என் புத்திதாங்க கெட்டுப்போச்சு. வெளியாள் ஒருத்தனைக் கூப்பிட்டு உழச் சொல்லிட்டேன்" என்றார்.

நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாரமே தெல்மா நிலத்தை விட்டுச் சாவியைச் சங்கத்திடம் ஒப்படைத்தார்.

சங்கத்தின் செப்டம்பர் கண்காட்சியில் என் தக்காளிக்கு முதல் பரிசு. ஒரு கூடை எடுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன். தெல்மா ஒன்றைக் கடித்தார்.

"என் இலை போட்டதுதானே?"

"ஆமாங்க."

"நல்லா வந்திருக்கு" என்று மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பரில் இறந்தார். அடக்கத்துக்கு ஆறு பேர். பதினேழாம் எண்ணில் இப்போது ஒரு இளம் ஜோடி களையை அடக்கக் கறுப்பு பிளாஸ்டிக் விரித்திருக்கிறது. ஓரமெல்லாம் கம்ஃப்ரி. இதை யார் நட்டது என்று என்னிடம் கேட்டார்கள். முன்னால் இருந்த அம்மா என்றேன்.