பத்து ஐம்பதுக்கு எழுதிய மனு

திட்டுவதற்கென்றே பிளாரன்ஸ் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவாள். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று இடப்பக்கம் ஏறி நெருக்கினால், விடாமல் பின்னாலேயே போய், அடுத்த சிக்னலில் அதன் பக்கத்தில் நிறுத்தி, "ஏலே, ரோட்ட உங்க மாமனாரு சீதனமா தந்தாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். கண்ணாடி ஏறியதும் குரல் மாறிவிடும். "ஏசி கூடுதலா இருக்காக்கா? கொறைக்கட்டா?" பின் இருக்கையில் இருப்பவர்களிடம் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

அவர்கள் சிறுநீரகம் பழுதானவர்கள். மாப்பிள்ளையூரணியில் குடியிருக்கும் பிளாரன்சுக்கு வயது நாற்பத்தாறு. வெள்ளைக் கார் ஒன்று அவள் பெயரில் இருக்கிறது; அதை அவளே ஓட்டுகிறாள். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, நகரத்து மருத்துவமனையில் விட்டு, நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்ப வாசலில் இறக்குவாள். மெஷினை விட்டு எழுந்தவர்களுக்குக் கால் நிற்காது. சிலர் வாந்தி எடுப்பார்கள். வேறு டிரைவர்கள் முகம் சுளிக்கிற இடத்தில் இவள் பிளாஸ்டிக் கவரை நீட்டுவாள். முன் சீட்டுக்குப் பின்னால் எலுமிச்சம்பழமும் ஒரு சின்னத் தலையணையும் எப்போதும் இருக்கும்.

நாசரேத்தில் இருக்கும் பிறந்த வீட்டில் எல்லாரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். "வாத்தியாரு மக டிரைவரா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் இன்றும் யாராவது கேட்பார்கள். "ஓட்டத் தெரியும், ஓட்டுதேன்" என்பாள். சோற்றைப் பிசையும் கை நிற்காது.

மூன்று மாதத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒரு வேன் களவு போனது. மறுநாளே எலக்ட்ரானிக்ஸ் கடை ஜோன்சிடம் சொல்லி, தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவியை டேஷ்போர்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டாள். கார் இருக்கும் இடம் செல்போன் வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். செல்போனிலேயே ஒரு பொத்தானை அழுத்தி என்ஜினை அணைக்கவும், திரும்ப விடுவிக்கவும் முடியும். "ஓடுற வண்டியில அமுத்திராதீங்கக்கா, பின்னால வாரவன் மோதிருவான்" என்று ஜோன்ஸ் மூன்று தடவை சொன்னான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, திருநெல்வேலி ரோட்டுப் புதுக்கோட்டையிலிருந்து தங்கத்தாயைக் கூட்டிவந்து ஒன்பது மணிக்கு மெஷினில் படுக்கவைத்தாள். டீ குடித்து, மாத்திரை வாங்கித் திரும்பியபோது மணி பத்தரை. கார் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டுதான் இருந்தது. செல்போனில் பச்சைப் புள்ளி திருநெல்வேலி ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.

காவல் நிலையத்துக்கு ஓடினாள். வாத்தியார் வீட்டு வளர்ப்பு, மனுவைக் கோடு போட்டதுபோல எழுதி, கீழே தேதியும் 'காலை 10.50' என்று நேரமும் போட்டு, மடித்து நீட்டினாள். எஸ்.ஐ. சங்கரபாண்டியன் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"வீட்டுக்காரர வரச் சொல்லும்மா."

"வண்டி என் பேர்ல இருக்கு சார். இந்தா பாருங்க, போய்க்கிட்டு இருக்கு. இப்பவே வயர்லெஸ்ல சொன்னா மறிச்சிரலாம்."

"அது எங்க லிமிட்டுல வராது. தெரிஞ்சவன் எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருப்பான். வீட்டுக்காரரோட சாயந்திரம் வா."

"அவரு கப்பல்ல சமையலுக்குப் போயிருக்காரு சார். அவரு கரையேறி வந்து சொன்னாத்தான் களவு களவாகுமா?"

சங்கரபாண்டியன் மனுவை மேசை விளிம்புக்குத் தள்ளிவிட்டு டீயை எடுத்தார். பிளாரன்ஸ் மனுவை எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்து, முதலில் கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோக்காரர் முப்பிடாதி தெரிந்தவர்தான். "அண்ணாச்சி, புள்ளி போற பக்கமா போங்க" என்றாள். புதுக்கோட்டை தாண்டி ஒரு சாலையோர ஓட்டலில் புள்ளி நின்றது. ஒரு நிமிடம் பார்த்தாள். இரண்டு நிமிடம். அசையவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

"அமுத்திட்டேன் அண்ணாச்சி. இனிமே அந்த நாய் தள்ளிக்கிட்டுதான் போணும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காரின் பானெட் திறந்திருந்தது. முன் நம்பர் பிளேட் இல்லை. எலுமிச்சம்பழங்கள் புழுதியில் கிடந்தன. தலையணையையும் வெளியே எறிந்திருந்தான். என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தவன் நிமிர்ந்தான். மாரிராஜ்! சென்ற வருடம் அவள் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் அவளுக்குப் பதிலாக வண்டி ஓட்டி, தங்கத்தாயைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றி இறக்கியவன். அந்தப் பத்து நாளில் சாவிக்கு நகல் வெட்டி வைத்திருக்கிறான்.

"யக்கா, ஒரு அவசரம்… சொல்லிட்டு எடுக்கணும்னுதான் நெனச்சேன்."

"பிளேட்ட கழத்துனதும் அவசரமாலே? அந்தப் பொம்பள ஒரு மணிக்கு மெஷின விட்டு எந்திரிப்பா. பஸ்ல போனா பாதி வழியில விழுந்துருவான்னு உனக்குத் தெரியும்லா? தெரிஞ்சிதான எடுத்த?"

சட்டைக் காலரைப் பிடித்தவள் விடவில்லை. அவன் திமிறினான், முப்பிடாதி பின்னால் வந்து நின்றதும் அடங்கினான். ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு வெளியே வந்தார்கள். நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். யாரோ போலீசுக்குச் சொன்னார்கள்.

லிமிட்டில் வராத அந்த இடத்துக்குச் சங்கரபாண்டியனே ஜீப்பில் வந்து இறங்கினார். மாரிராஜை ஏற்றச் சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"நல்ல காரியம் செஞ்சம்மா. வண்டிய ஸ்டேஷன்ல நிறுத்திருவோம், கோர்ட்டுல மனுப் போட்டு வாங்கிக்கோ. அதுக்கு முன்னால ஒரு போட்டோ. நான் சாவி தாற மாதிரி நில்லு."

கேஸில் பிடித்து அந்த நிலையத்துச் சுவரோரம் நிறுத்திய வண்டிகளைக் காலையில்தான் பார்த்திருந்தாள். டயர் தரையோடு ஒட்டி, கதவுக்குள் கொடி ஏறிக் கிடந்தன.

"எந்த கேஸுல சார் எடுப்பீங்க?"

"களவு கேஸுதாம்மா."

"எந்தப் புகாரு?"

பிளாரன்ஸ் கைப்பையிலிருந்து மனுவை எடுத்து ஜீப்பின் பானெட்டில் படாரென்று அறைந்தாள். "பத்து அம்பதுக்கு எழுதுனது. பிரிச்சுக்கூடப் பாக்கல நீங்க. இப்ப வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும், சத்தமா வாசிங்க!"

செல்போன்கள் அவர் முகத்துக்குத் திரும்பின. மனுவைப் பிரித்தார். கடைசி வரியில் நேரத்தைப் பார்த்ததும் உதடு இறுகியது.

"வண்டிய நாலு மணிக்கு நானே கொண்டாந்து காட்டுதேன். கையெழுத்தும் போடுதேன். இவன விட்டுட்டீங்கன்னா இந்தப் படமெல்லாம் எஸ்.பி. ஆபீசுக்குப் போகும். இப்ப நான் போணும்."

"…போயிட்டு வாங்க" என்றார். நகல் சாவியை மட்டும் மாரிராஜிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். போட்டோவைப் பற்றிப் பேசவில்லை.

மருத்துவமனை வாசலில், சக்கர நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள் தங்கத்தாய். "ஏளா, எங்கன போயிட்ட? கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"ஒண்ணுமில்லக்கா, ஒரு வேல." தாங்கிப் பிடித்து ஏற்றி, புழுதி தட்டிய தலையணையை அவள் கழுத்துக்குக் கொடுத்து, கதவைச் சாத்தினாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஆனால் கிளப்பவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து துப்பட்டா நுனியை நனைத்து, மாரிராஜ் கை பட்ட ஸ்டியரிங்கைச் சுற்றித் துடைத்தாள். பிறகு கியர் தலையை. கதவுப் பிடியை.

"போவமா?" என்றாள் தங்கத்தாய், கண்ணைத் திறக்காமல்.

"இந்தாக்கா, ஆயிட்டு" என்று மெதுவாகச் சொன்னாள் பிளாரன்ஸ். மீதித் தண்ணீரையும் துப்பட்டாவில் ஊற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ஸ்டியரிங்கை மறுபடி முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.