பேராசிரியர் விட்டுவைக்கச் சொன்ன கொப்பு

ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருஷம் அது. தானா ராத்தா என்ற மலையூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் தேயிலைத் தோட்டத்தில் நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். ஆளுயரம் வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மறுபடி துளிர்க்க வைப்பதுதான் கவ்வாத்து. என்னைப்போல் கத்தி வீச அந்த மலையிலேயே ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. கல்யாணமாகி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, திமிருக்குக் குறைவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பேராசிரியர் குடியிருந்தார். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மைத்துனரைப் பார்த்துவிட்டுப் போக, மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்தார். சண்டை மூண்டு கப்பல் நின்றுபோனது. மைத்துனரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பேராசிரியர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

முதல் மாதம் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஆனாலும் சிரித்த முகம். வேலை விட்டு வந்ததும் பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பின்னிவிடுவார். பிறகு வாசலில் மரவள்ளிக் குச்சிகளை ஊன்றி, அன்று மலையில் எதை எப்படி வெட்டினார் என்று மனைவிக்கு விளக்குவார். அந்த அம்மாவும் கத்தியை வாங்கி அதேபோல் வெட்டிக் காட்டுவார். லயத்து ஆண்கள் எங்களுக்கு இது தினமும் பார்க்கிற வேடிக்கை. "பொண்டாட்டிக்கும் பரீட்சை வைப்பாருலா" என்று விழுந்து விழுந்து சிரிப்போம். வேலையைப் பற்றி வீட்டில் பேசுகிறவன் என்ன ஆம்பிளை என்பது என் கட்சி.

ஒருநாள் அவருக்கு வெட்டக் கொடுத்த செடி வரிசையில், அதாவது அவருடைய நிரையில், செடிக்கு ஒரு கொப்பை இலையோடு விட்டு வைத்திருந்தார்.

"தம்பி, ரெண்டு வருஷமா இதுங்களுக்கு உரமே இல்ல. மொத்தமா வெட்டினா தாங்காது. ஒரு கொப்பு இலையோட இருந்தா அதுவே சாப்பாடு செஞ்சு வேரைக் காப்பாத்தும்" என்றார்.

"காலேஜ் வேற, மலை வேற ஐயா" என்று சொல்லி, அந்தக் கொப்புகளையும் நானே வெட்டித் தள்ளினேன். அவர் கோபிக்கவில்லை.

அடுத்த மழையில் காய்ச்சல் கண்டு, ஐந்தாம் நாள் போய்விட்டார். மருந்துக்கு எங்கே போவது அப்போது? லயமே அழுதது. நானும் அழுதேன். ஆனால் அந்த ஈரம் காயுமுன்னே, எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் போய், "எங்க வீட்ல ஒரே ரூம்ல ஏழு பேரு. அந்த வீட்டை எனக்குத் தாங்க" என்று கேட்டவனும் நான்தான். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு அந்த அம்மா வந்து நின்றார். கொழுந்து பறிப்பு நின்றுபோயிருந்த காலம். கவ்வாத்து ஆள் இருக்கிற வீட்டுக்கு மட்டும்தான் அரிசி.

"ஆளில்லாத வீட்டுக்கு ஒண்ணும் கிடையாதும்மா. ஜப்பான்காரத் துரை உத்தரவு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுத் தாப்பாவுக்கு எறங்கிடுங்க" என்றார் கங்காணி.

மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. அந்த அம்மா அசையவில்லை. "அண்ணே, அவரு கத்தி எங்கிட்ட இருக்கு. அவரு வேலையை நான் செய்யுறேன்."

"பொம்பள கவ்வாத்து வெட்டி யாருலா பார்த்தா?" என்றேன் நான்.

கங்காணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்து நிரையைக் கொடுத்தார். "ரெண்டு பேரும் வெட்டுங்க. துளிர் வர்ற வரைக்கும் அரிசிக்கு நான் பொறுப்பு. அப்புறம் வீடு யாருக்குன்னு செடி சொல்லட்டும்."

நான் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். அந்த அம்மாவுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. போய்ப் பார்த்தால், செடிக்கு ஒரு கொப்பு நின்றது.

"ஒவ்வொண்ணுலயும் ஒண்ணை மறந்துட்டீங்கம்மா!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தேன்.

"மறக்கல தம்பி. அவரு சொன்னது" என்றார், முந்தானையால் கையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

இரண்டு மாதம் கழித்துக் கங்காணி எல்லோரையும் அங்கே கூட்டிப்போனார். என் நிரையில் பாதிச் செடி விறகாக நின்றது. அந்த அம்மாவின் நிரையில் ஒரு செடி பாக்கியில்லாமல் அடியிலிருந்து துளிர்த்திருந்தது. பிள்ளைகள் இரண்டும், "அப்பா செடி! அப்பா செடி!" என்று கத்திக்கொண்டு நிரை நெடுக ஓடின. கவ்வாத்து ஆட்கள் கத்தியோடு கத்தி தட்டி ஆரவாரம் செய்தார்கள். எனக்கும் கை தானாக உயர்ந்தது, தோற்றவன் நான் என்பதே மறந்துபோனது.

"நாளையிலேருந்து எல்லாரும் அம்மா மாதிரி வெட்டுங்க. வீட்டுப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது" என்றார் கங்காணி.

நான் போய், "எந்தக் கொப்பை விடணும்னு எனக்கும் காட்டுங்கம்மா" என்றேன். "அவரு இருந்தா உங்களை முதல் பெஞ்சுல உட்கார வச்சிருப்பாரு" என்று சிரித்தார், கண்ணில் நீரோடு. சண்டை முடிந்து கப்பலேறும் வரை அந்த வீட்டில் அவர்கள்தான் இருந்தார்கள்.

துளிரைப் பார்த்த அன்று சாயங்காலம் முதல்முறையாக என் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னைக்கு மலையில என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். நான் பார்த்துச் சிரித்த அந்த மனிதர் எனக்கு விட்டுப்போன பழக்கம் அது, இன்றுவரை ஒருநாள்கூட நான் அதை நிறுத்தவில்லை.