மூன்றாம் நாள் கெட்ட மூட்டை

காய்ந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காய் மேல் தண்ணீர் தெளித்தால் ஒரு வாசனை எழும்பும். கோடையில் முதல் தூறல் மண்ணைத் தொட்டது மாதிரி, ஆனால் அடியில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு. கண்டாச்சிபுரம் பக்கம் வண்டியில் போகும்போது அது மூக்கில் ஏறினால் போதும், என் மேசையில் குவிந்து கிடந்த அறுபது சர்டிபிகேட்டும் கண்ணில் வந்து நிற்கும்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஹைவே ஓரமாக இருக்கிறது எங்கள் இன்ஜினியரிங் காலேஜ். நான் மெக்கானிக்கல் வாத்தியார். கூடவே இன்டர்ன்ஷிப் பொறுப்பும் என் தலையில். பிள்ளைகள் முப்பது நாள் எங்காவது வேலை பழகிவிட்டுக் கடிதம் வாங்கி வரவேண்டும். நான் கையெழுத்துப் போடவேண்டும். போட்டேன், எதையும் படிக்காமல். ஒருவன் ஜூன் முழுக்கப் பெங்களூரில் ரோபோ செய்ததாகத் தங்க பார்டர் போட்ட சர்டிபிகேட் கொடுத்தான். அதே ஜூனில் அம்மை போட்டு வீட்டில் படுத்திருப்பதாக அவன் எழுதிய லீவ் லெட்டரும் என் ஃபைலில் இருந்தது. இரண்டிலும் என் கையெழுத்து.

ஏகாம்பரத்தின் ஷெட்

பெருமுக்கல் ஊர்க்காரி கலைச்செல்வி மட்டும் கடிதம் இல்லாமல் வந்து நின்றாள். கண்டாச்சிபுரத்தில், மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஷெட்டில் முப்பது நாளும் நிஜமாகவே வேலை பார்த்தவள்.

"ஷெட்டு ஓனர் ஏகாம்பரம் அண்ணன் லெட்டர்பேடு இல்லன்றாரு சார். ரப்பர் ஸ்டாம்பு மட்டுந்தான் இருக்காம்."

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்தக் கடிதம் வேண்டும். சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இரண்டு மாதம் பிள்ளைகளை லேபில் சேர்த்துக்கொள்கிறது. விண்ணப்பத்தோடு வேலை பழகிய இடத்துக் கடிதத்தையும் ஆன்லைனில் ஏற்றவேண்டும். அது கிடைக்காவிட்டால் அவளுக்குத் தெரிந்த அடுத்த வழி ஒன்றுதான். எங்கள் காலேஜுக்கு வந்த கம்பெனிகள் மெக்கானிக்கல் பிள்ளைகளைப் போனில் லோன் விற்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

நானே இங்கிலீஷில் ஒரு கடிதம் டைப் செய்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தோல்தூசியில் புருவமெல்லாம் வெளுத்துப்போன ஏகாம்பரம், "இன்னா சார் எழுதிக்கீது இதுல?" என்றார்.

"அபாரமான தலைமைப் பண்பு காட்டினாங்கன்னு..."

"தலைமையா? நானே இந்த மிஷினுக்குப் பயந்துகினு கீறேன். நடந்தத எழுதறேன், இருங்க."

எடைச்சீட்டின் பின்பக்கத்தில், பேனாவை உதறி உதறி எழுதினார்:

"இந்தப் பொண்ணு முப்பது நாள் வந்துச்சு. மூணாம் நாள் சல்லடைக்கும் உருளைக்கும் நடுவுல இடைவெளியக் கொறச்சி, ஒரு மூட்டை விதைப் பருப்ப நொய்யாக்கிடிச்சு. யாரு பண்ணதுன்னு நான் கேக்கறதுக்குள்ள அதுவே வந்து சொல்லிடிச்சு. அப்பறம் பெரிய காய், பொடிக் காய் தனித்தனியா சலிச்சி, ரெண்டுக்கும் வேற வேற இடைவெளி வச்சி ஓட்டுச்சு. இப்ப பருப்பு முழுசா வருது. நாங்களும் அப்பிடித்தான் ஓட்டறோம்."

கீழே ஸ்டாம்பு. அதுவும் தலைகீழாக.

லேப்டாப்புக்குப் பின்னால்

"அந்த மூணாம் நாள் வரிய மட்டும் மறைச்சி ஸ்கேன் பண்ணிடலாம்மா," என்றேன்.

"அத எடுத்துட்டா, மீதியெல்லாம் நான் எதுக்கு சார் சலிச்சேன்?"

இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிற நான் சீட்டை அவளிடமே நீட்டினேன். முழுசாக ஏற்றினாள்.

பத்து நாள் கழித்து என் அறையில் ஆன்லைன் நேர்காணல். லேப்டாப்புக்குப் பின்னால் நான் 'டீம் ஒர்க்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றேன். அடுத்த அட்டையில் 'விடாமுயற்சி'. ஃபேன் காற்றில் அது பறந்து அவள் மடியில் விழுந்தது. அவள் அதால் விசிறிக்கொண்டாள்.

திரையில் வந்த பேராசிரியை, பேச்சில் எங்கள் பக்கத்து ஆள் போல இருந்தவர், எடைச்சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மூணாம் நாள் என்னம்மா ஆச்சு?"

இவள் கையாலேயே உருளையைச் சுற்றிக் காட்டினாள். காய் எப்படி நசுங்கியது, சத்தம் எப்படி மாறியது, ஏன் சிறிசும் பெரிசும் ஒரே இடைவெளியில் ஒத்துவராது. அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். என் கைதான் வலித்தது.

"காய்ல ஈரம் எவ்ளோ இருந்தா பருப்பு ஒடையாதுன்னு பாத்தியா?"

"பாக்கல மேடம். எங்ககிட்ட ஈரம் பாக்கற மீட்டர் இல்ல. தண்ணி தெளிச்சி, கைல நசுக்கிப் பாப்போம்."

"இங்க மீட்டர் இருக்கு," என்றார் அவர்.

அடுத்த வாரம் அனுமதி வந்தது.

அன்றைக்கே எங்கள் இன்டர்ன்ஷிப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்: 'பயிற்சியில் நீங்கள் கெடுத்தது என்ன?' ஜூன் முழுக்கப் பெங்களூரில் இருந்தவனைக் கூப்பிட்டு முதலில் அவனிடம்தான் நீட்டினேன். ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினான்: 'நான் எதையும் தொடவே இல்லை சார்.' அந்த ஃபைலிலேயே நேர்மையான வரி அது. அதற்கு மேல் அவனை என்ன கேட்பது? கையெழுத்துப் போட்ட என் கையையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும். அன்றிலிருந்து படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு

சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பையில் வறுத்த மல்லாட்டையோடு ஏகாம்பரம் வந்திருந்தார். அன்றைக்கும் புருவத்தில் தூசி.

"ஜல்தி ஏறும்மா, எடம் போயிடும்."

ஏறி, ஜன்னலில் தலையை நீட்டினாள். "வர்றேண்ணா. வர்றேன் சார்."

"போய்ட்டு வா. அங்க மிஷினெல்லாம் பெருசு பெருசா இருக்கும். எதனா ஒடச்சிட்டன்னா, அவங்க கேக்கறதுக்குள்ள நீயே சொல்லிடு."

பஸ் நகர்ந்தது. அவள் கத்தினாள்:

"மூணாம் நாளே சொல்லிடறேண்ணா!"