பயத்துக்கு வேறு மருந்து

போன வாரம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு குழந்தை மனநல டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்காக அல்ல — கொள்ளுப்பேத்திக்காக.

"ஏடிஹெச்டிங்கிற இந்தத் துறுதுறுப்பு மட்டும் இல்ல அங்கிள், கூடவே பயமும் இருக்கு. நிறைய பிள்ளைங்களுக்கு ரெண்டும் சேர்ந்தே வரும்," என்றார் டாக்டர். "துறுதுறுப்புக்கு மருந்து கொஞ்சமா ஆரம்பிச்சுப் பாப்போம். அதுல பயம் கூடுதான்னு கவனிக்கணும். பயத்துக்குத் தனியா வைத்தியம் இருக்கு."

எனக்கு என் தங்கை ராஜம் ஞாபகம் வந்தது.

போரில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ராஜத்துக்கு எட்டு வயது. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். சாப்பிடுவதுகூட நடந்துகொண்டேதான்... ஆனால் விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். இழுத்தாலும் வர மாட்டாள். இரண்டுக்கும் சேர்த்து அக்கம்பக்கத்தார் வைத்த ஒரே பெயர் — வாலு.

பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு ஜப்பானியச் சிப்பாய். அவன் முன்னால் எல்லோரும் நின்று குனிய வேண்டும். ராஜம் குனிவாள். குனிந்தபடியே ஓடுவாள். ஒரு நாள் அப்படி ஓடியதற்கு, பின்னால் வந்த அம்மாவின் கன்னத்தில் அவன் அறைந்தான்.

அம்மா அழவில்லை. கட்டுப்போட்டு மருந்து கலந்து கொடுக்கும், தெரிந்த ஆஸ்பத்திரி டிரஸர் ஒருவரிடம் ராஜத்தை இழுத்துப் போனாள். அன்றைக்கு எங்களுக்கு டாக்டர் அவர்தான்.

"இவ ஆடாம நிக்கணும் தம்பி. அவ்வளவுதான்," என்றாள் அம்மா.

ஆளை அடக்கும் புரோமைடு உப்பு கலந்த மருந்துத் தண்ணீர் கிடைத்தது. ராஜம் நின்றாள். ஒழுங்காகக் குனிந்தாள். பேச்சு குறைந்தது. சோறு வாயில் அப்படியே இருக்கும். விமானம் வந்தால் மட்டும்... உட்கார்ந்த இடத்திலேயே நடுங்கினாள். ஓடி ஒளியத் தெம்பில்லை.

"பிள்ளை அடங்கிருச்சு, நல்லதுதானே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அம்மா மறுபடி டிரஸரிடம் போனாள். "தம்பி, பயம் அப்படியே இருக்கு. பிள்ளையத்தான் காணோம்."

அவர் தன் மருந்து அலமாரியைத் திறந்து காட்டினார். "என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்க்கா. மெல்லக் குறைச்சு நிறுத்திடுங்க."

அதன் பிறகு அம்மா பாதையை மாற்றினாள். தண்டவாளத்துக்குப் பின்புறம், லாலாங் புல்லைச் சுற்றிக்கொண்டு, சிப்பாய் இல்லாத வழி. நல்ல தூரம். அத்தனை தூரமும் ராஜம் ஓடினாள். அம்மா பின்னால் நடந்தாள். ராஜம் களைத்துப் போய் வகுப்பில் உட்கார்ந்தாள். பேச்சும் திரும்பியது — வாத்தியார் கெஞ்சும் அளவுக்கு.

பயத்துக்குத்தான் அன்று எதுவும் கிடைக்கவில்லை.

ஓட்டம் வயதோடு அடங்கியது. செராஸில் தன் அடுக்குமாடி வாசலில் சீருடை போட்ட செக்யூரிட்டியைக் கண்டால், ராஜம் இன்றும் நின்று, குனிந்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.

மரியாதை தெரிந்த ஆன்டி என்று அந்தச் செக்யூரிட்டி எல்லோரிடமும் சொல்கிறாராம்.