ஷ்ரெட் என்றால் எந்திரம் அல்ல

என் மனைவி மறைந்த பிறகு ஒரு நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் அமர என்னால் இயலவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து சாலை வளையும் இடம் வரைக்கும் நடக்கிறேன். இதை எழுதத் தொடங்கியதிலிருந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன். எழுத வேண்டியது ஒரு வானொலி நிகழ்ச்சியைப் பற்றி. அது நின்றுபோனதில் எனக்கிருந்த பங்கைப் பற்றி.

தேயிலை விலை விழுந்து எழாமல் கிடந்த ஆண்டுகள் அவை. மலையிலிருந்த வானொலி நிலையத்தில் அவள் பகுதிநேர அறிவிப்பாளர். காய்கறி நிலவரமும் பச்சைத் தேயிலை விலையும் வாசிப்பது வேலை. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, மின்கிட்டாருக்கு ஒதுக்கினாள். எல்லா வகைக் கிட்டாரும் அல்ல; மூச்சுவிடும் நேரத்துக்குள் சுரங்களை வாரி இறைத்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவும் அதிவேக வாசிப்பு மட்டும். அந்த உலகத்தார் அதற்கு இட்ட பெயர் ஷ்ரெட். கோயம்புத்தூரில் இளமையில் வீணை பயின்றவளுக்கு அந்த விரல்களின் மீது அப்படியொரு பித்து.

"இத்தன வேகத்துலயும் ஒரு சுரங்கூடத் தடுக்கி உழுகல, கேளுங்க."

"எனக்குத் தலை வலிக்கிறது."

"அது உங்க தலைங்க. கிட்டாரு என்ன பண்ணும்?"

நிலையத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இத்தகைய தனி நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் நேயர் கடிதம் வர வேண்டும்; கடிதம் குறைந்தால் நேரம் வேறொருவருக்குப் போகும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. அவள் முகம் வாடியதை நான் கவனித்தேன். மூன்றாம் வாரம் கட்டுக் கட்டாக வந்தன.

காரணம் ஒரு சொல். தொழிற்சாலைகளில் முற்றிய இலையைப் பொடியாக அரிந்து தள்ளும் எந்திரத்துக்கு ஷ்ரெட்டர் என்று பெயர். நான்கு மணிக்குச் சிறு விவசாயிகள் இலை மூட்டைகளோடு எடைக் கொட்டகைகளில் லாரிக்குக் காத்திருப்பார்கள். கொட்டகையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். 'ஷ்ரெட் அரை மணி' என்ற அறிவிப்பைக் கேட்டவர்கள், அந்த எந்திரத்தைப் பற்றிய நிகழ்ச்சி என்று நினைத்து எழுதிவிட்டார்கள்.

"முத்துன எலைய அரைக்கத்தான் ஷ்ரெட்டர் வெச்சிருக்கறாங்க. அப்பறம் எங்க எலைய மட்டும் முத்திப்போச்சுன்னு திருப்பி அனுப்பறது ஏனுங்க?" என்றது ஒரு கடிதம். "மூணு நாளா லாரி வரல, மூட்டைக்குள்ள எலை வெந்துபோச்சுங்க அம்மணி. போன வாரம் நீங்க போட்ட மெசினுச் சத்தம் நல்லா இருந்துச்சு" என்றது இன்னொன்று. அவள் எதையும் திருத்தவில்லை; வந்தபடியே வாசித்தாள். ஒரு கடிதம், ஒரு கிட்டார். மறுபடி ஒரு கடிதம். வாரம் முழுவதும் சனிக்கிழமைக்காகவே தயாராகிக்கொண்டிருந்தாள்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். ஒரு நாள் ஆசிரியர் அறையில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க சார், ஊட்டுல அம்மா மெசினுக்குக் கச்சேரி வெக்கறாங்களாமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலையே வகுப்பறையில் அமர்ந்து நிலையத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அச்சொல்லின் வேர், இசையில் அது பெற்ற பொருள், எந்திரத்துக்கும் அதற்கும் தொடர்பின்மை ஆகியவற்றை விளக்கிவிட்டு, நேயர்களின் அறியாமையில் ஒரு நிகழ்ச்சி பிழைத்திருப்பது முறையன்று என்று முடித்தேன். கீழே 'ஒரு நேயர்' என்று மட்டும் இட்டேன். அவளுடைய மதிப்பைக் காப்பதாகவே அப்போது நம்பினேன்.

சனிக்கிழமை அவள் அக்கடிதத்தை ஒரு வரியும் விடாமல் வாசித்தாள். நான் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். "நேயர் சொல்வது சரி. இது இசை நிகழ்ச்சி மட்டுமே" என்று சொல்லிவிட்டு இசைவட்டை ஓடவிட்டாள்.

வீடு திரும்பியதும் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தபடி சொன்னாள்: "இன்னிக்கு ஒரு கடுதாசிய நிறுத்தி நிதானமாப் படிச்சேன். அரைப்புள்ளி நெறைய இருந்துச்சுங்க." அரைப்புள்ளி இல்லாமல் எனக்கு ஒரு பத்தியும் எழுத வராது. "தோசை ஊத்தட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் நான்கு கடிதங்கள் வந்தன. அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. மாதம் முடியுமுன் அந்த அரை மணி நேரம் வேறு நிகழ்ச்சிக்குப் போயிற்று. அவள் பல ஆண்டுகள் தேயிலை விலை வாசித்து ஓய்வுபெற்றாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சென்ற வாரம் கீழ் கோத்தகிரியிலிருந்து முதியவர் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். சிறு தேயிலை விவசாயி. எங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாதவர்.

"அம்மணி கொரல மறக்க முடியாதுங்க. என்ர கடுதாசி மூணு படிச்சிருக்கறாங்க."

"எந்திரத்தைப் பற்றிய நிகழ்ச்சி என்று நினைத்திருப்பீர்கள்."

அவர் சிரித்தார். "மொத வாரம் நெனச்சமுங்க. அப்பறமும் தெரியாமப் போகுங்களா? அன்னைக்குப் பாதி ஃபேக்டரி பூட்டிக் கெடந்துச்சு. அத்தன வேகமா எந்த மெசினுங்க ஓடும்?"

"பிறகும் ஏன் எழுதினீர்கள்?"

"வெல சொல்றவங்க வெலைய மட்டுந்தானுங்க சொல்லுவாங்க. நாங்க சொல்றத அம்மணி ஒருத்தருதான் படிச்சாங்க. தெரியாத மாதர நாங்க எழுதுனோம், தெரியாத மாதர அவங்க படிச்சாங்க. கடசில பாத்தா அந்தப் பாட்டும் புடிச்சுப்போச்சு."

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?"

"யாரோ படிச்ச மனுசன் வெவரமா எழுதிப்போட்டாருங்க. அதுக்கு மேல தெரியாதுன்னு எப்படிங்க எழுதறது? அவரு யாருன்னு அம்மணிக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"அட! எங்ககிட்டச் சொல்லியிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பமே."

"இப்போது கேளுங்கள்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தலையைக் குனிந்துகொண்டார். டம்ளரில் மீதியிருந்த தேநீரைக் குடித்து முடித்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் காத்திருந்தேன். துக்க வீட்டில் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால், அவர் ஒன்றுமே சொல்லாமல் படியிறங்கிப் போனார்.